ஏழாவது பத்தி

"ஏழாவது பத்தி உண்மைதாங்க" என்றாள் ஹாரிகா.

மத்தியஸ்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் மத்தியஸ்தர் அம்மா. ஒரு பக்கம் ஹாரிகாவும் அவளுடைய வக்கீல் சஹீரும். எதிர்ப் பக்கம் அவள் கணவர் ரவிதேஜா, அவருக்குப் பக்கத்தில் அவருடைய வக்கீலாகிய நான். சஹீர் மேசையை விரலால் தட்டி அவளை நிறுத்தப் பார்த்தார். அவள் நிற்கவில்லை.

"அரைப்பரீட்சை லீவுலீங்க. ஒரே ஒரு நாள். ஊட்ல இருந்தே வேலை. மீட்டிங் ஓடிட்டிருக்கு, எம்பொண்ணு அழுதுட்டே எம்மேல ஏறறா. தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல உட்டு வெளிய தாப்பாப் போட்டுட்டேன். பதினோரு நிமிசம். அப்பறம் கட்டிப் புடிச்சுட்டு நானும் அழுதேன். யார்கிட்டயும் சொல்லாத கண்ணுன்னு சத்தியம் வாங்கினேன். சொல்லிப்போட்டா. பரவால்லீங்க, அவங்கப்பாகூடவே இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன். சொன்னதுக்காக அவளை மட்டும் யாரும் எதுவும் கேக்காதீங்க."

"நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா?" என்றார் மத்தியஸ்தர்.

"நாலு மாசமா அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கேன். நோட்டீஸ் வந்த நாள்ல இருந்து அவளைத் தூக்க முடியலீங்க. பக்கத்துல வந்தா கை வர மாட்டேங்குது."

இரண்டரை மணிக்குள் சமரச மனுவைத் தட்டச்சு செய்து வைக்கச் சொன்னார் மத்தியஸ்தர். எழுந்தபோது என் முழங்கால் மேசையில் இடித்தது. வலிக்கவே இல்லை.

அந்த ஏழாவது பத்தியை எழுதியவள் நான். எழுதியவள் என்பதுகூட அதிகம், ஒட்டியவள். கோடை விடுமுறைக்கு நீதிமன்றம் மூடுவதற்கு முந்தின நாள் மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்கும் ரவிதேஜாவின் மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஓர் அவிநாசிக் கேஸின் மனுவைக் கணினியில் திறந்து, பெயரை மாற்றினேன், முகவரியை மாற்றினேன், கல்யாணத் தேதியை மாற்றினேன். பதினான்கு வருட அனுபவம் இருக்கிறதே, கை தானாக ஓடியது. ஏழாவது பத்தி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. 'எதிர்மனுதாரர் குழந்தையைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் தன் சொந்த வேலைகளில் ஈடுபடும் வழக்கமுடையவர்.' அது அவிநாசிக்காரர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னது. அவராவது உண்மையைச் சொன்னாரா என்று நான் விசாரித்ததில்லை.

இதில் எனக்கு அறியாமை என்ற சமாதானமும் கிடையாது. ரவிதேஜாவே போனில் கேட்டார். "மேடம், ஏழாவதுல இருக்கறதை நான் சொல்லவே இல்லீங்களே?" நாக்கு கூசாமல் பதில் சொன்னேன். "அதெல்லாம் வழக்கமா எழுதறதுங்க. அவங்க மறுப்பாங்க, அத்தோட முடிஞ்சுபோகும்." திருத்த மனு போட்டால் அதற்கு ஒரு நாள், அதற்கு ஒரு வாய்தா. சோம்பல், வேறொன்றுமில்லை. 'மறுக்கப்படுகிறது' என்று எதிர்மனுவில் ஒரு வார்த்தை போதும், அந்தப் பத்தி செத்துவிடும். இந்த ஊரில் எத்தனை மனைவிகள் கொடுமைக்காரிகள் என்றும் எத்தனை கணவர்கள் குடிகாரர்கள் என்றும் காகிதத்தில் இருக்கிறது தெரியுமா? யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

வெளியே டீக்கடையில் ஒரு டீ வாங்கினேன். பாதியில் வைத்துவிட்டு இன்னொன்று வாங்கினேன். ரவிதேஜா ஏறக்குறைய ஓடி வந்தார். பீளமேட்டில் பம்புக்கு உதிரிப் பாகம் செய்யும் குடும்பம். ஆள் மோசமில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்ப்பதற்காகச் சனிக்கிழமையே முடி வெட்டிக்கொள்கிறவர்.

"சாமி குடுத்ததுங்க மேடம். சும்மா எழுதினது பலிச்சுப்போச்சு பாருங்க."

"குழந்தைதான் சொல்லிட்டான்னு அவங்க நெனைச்சுட்டிருக்காங்க."

"நெனைச்சுட்டுப் போறா." கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைத் தேய்த்தார். "பூட்டி வெச்சது பொய்யில்லீங்களே? பதினோரு நிமிசம். எம்புள்ள அதுக்குள்ள என்ன நெனைச்சிருக்கும்? நீங்க ஒண்ணும் பேசாதீங்க மேடம். கையெழுத்து ஆகட்டும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். கட்சிக்காரருக்குக் கேடாக நான் வாய் திறக்கக் கூடாது. வக்கீல் வைத்திருக்கும் எதிர்த்தரப்பிடம் நேராகப் பேசவும் கூடாது. பொய் என்று தெரிந்து மனுவில் எழுதக் கூடாது என்ற விதியும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, அது மட்டும் ஏப்ரலில் ஞாபகத்துக்கு வரவில்லை. சொன்னால் இவர் பார் கவுன்சிலுக்கு எழுதிப் போடுவார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. ஹாரிகாமீது கோபமும் வந்தது. சும்மா மறுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா இவள்? சரவணம்பட்டியில் முப்பது பேருக்கு வேலை சொல்கிற பெண்ணுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை.

உட்கார முடியாமல் கட்டடத்தைச் சுற்றி வந்தேன். இரண்டாவது சுற்றில் குழந்தைகள் அறையின் வாசலில் அவர்கள் மகள் ஷ்ரவ்யா நின்றிருந்தாள். ஏழு வயது. உள்ளே ஆயா டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். என் கறுப்புக் கோட்டைப் பார்த்து அவளாகவே கேட்டாள்.

"ஆன்ட்டி, எங்கம்மா உள்ள என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. பேசிட்டிருக்காங்க."

"எம்மேல கோவமா இருக்காங்களா? நான் கேட்டா இல்லைங்கறாங்க. ஆனா கோவமாத்தான் இருக்காங்க."

எதுக்கு என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது. அந்தச் சத்தியத்தை அவள் காப்பாற்றியிருந்தாள். அம்மாவிடம்கூட அதைப் பற்றிப் பேசாமல் காப்பாற்றியிருந்தாள்.

இரண்டரைக்குச் சமரச மனு மூன்று பிரதியாக மேசைக்கு வந்தது. ரவிதேஜா முதலில் கையெழுத்துப் போட்டார், மளமளவென்று, எல்லாப் பக்கத்திலும். தாள்கள் ஹாரிகா பக்கம் நகர்ந்தன. அவள் பேனாவைத் திறந்தாள்.

"சஹீர் சார்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "உங்க கட்சிக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லிருங்க. ஏழாவது பத்தி குழந்தை சொன்னதில்ல. யாரும் சொன்னதில்ல. பழைய கேஸ் ஒண்ணுல இருந்து நான் எடுத்துப் போட்டது. தெரிஞ்சே உட்டுட்டேன்."

சஹீர் தன் கட்சிக்காரரிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மத்தியஸ்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவ சொல்லலீங்களா?" என்றாள் ஹாரிகா.

"இல்லீங்க."

"யார்கிட்டயும்?"

"யார்கிட்டயும்."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போனாள். கையெழுத்தில்லாத தாள்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார் சஹீர்.

"நீங்க யாருக்குங்க மேடம் வக்கீல்?" என்றார் ரவிதேஜா. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஃபைலக் குடுத்துருங்க. நான் வேற வக்கீல் வெச்சுக்க ஆட்சேபணை இல்லைன்னு வக்காலத்துல எழுதிக் குடுங்க. மத்ததை நான் எங்க சொல்லணுமோ அங்க சொல்லிக்கறேன்."

"குடுத்தர்றேனுங்க" என்றேன். ஃபைல் நாடாவின் முடிச்சு அவிழவில்லை. அதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திறந்த கதவில் போய் நின்று வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாக் கடைசியில் குழந்தைகள் அறைக்கு முன்னால், ஆட்கள் நடக்கும் வழியிலேயே ஹாரிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். ஷ்ரவ்யா இரண்டு எட்டு முன்னால் வந்து, இந்த நாலு மாதத்தில் அம்மாவிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப் பழகியிருந்தாளோ அவ்வளவு தள்ளி நின்றுகொண்டாள். கட்டு கட்டாகக் காகிதம் சுமந்த ஒருவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார். அம்மா நீட்டிய கைகளைக் குழந்தை பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, அவ்வளவு நீள வராந்தாவைத் தாண்டி, கதவில் நின்ற அப்பாவைப் பார்த்தாள், போகட்டுமா என்று.