துவைத்த கச்சை

ரியோகொகுவில் இசொனாமி சுமோ மல்லர் கூடத்தில் தண்ணீரே படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது கச்சைதான். பதினைந்து முழக் கறுப்புத் துணி. இடுப்பில் சுற்றுவார்கள், வெயிலில் காயப்போடுவார்கள், மறுபடியும் சுற்றுவார்கள். துவைத்தால் அதில் ஊறின பலமெல்லாம் கரைந்துபோகும் என்பது அவர்கள் சாத்திரம். கூடத்தைத் தொடங்கிய முதல் வாத்தியாரின் கச்சை முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நாற்பத்தேழு வருஷமாக அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை. பக்தியால் என்கிறார்கள். யார் நம்புவது?

இந்த லட்சணத்தில் இப்போதைய வாத்தியார் பெண் எடுத்தது ஒரு சலவைக்கடையில்.

மிசாவோ நகோயாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இருபத்தொன்பது வயதிலேயே பதினோரு தடியன்களுக்கு ‘அம்மா’ ஆகிவிட்டாள். அவள் முதல்முதலாக வைத்த மீன் குழம்பில் உப்பு கூடிப்போய், எல்லோரும் கிண்ணத்தை நகர்த்திவைத்தார்கள். அவர்களில் தெத்சுகுருமா மட்டும் மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தான். அன்றைக்கே அவன்மேல் அவளுக்குப் பாசம் விழுந்துவிட்டது.

தெத்சுகுருமாவுக்கு வயது முப்பத்தொன்பது. இருபத்தொரு வருஷமாகக் கீழ்வரிசையில்தான் மல்லுக்கட்டுகிறான். இந்தத் தடவை வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார்: “ஏழு ஆட்டத்துல நாலு ஜெயிச்சா இரு. இல்லேன்னா கொண்டையை அறுத்துட்டு ஊருக்குப் போய்ப் பிழைச்சுக்கோ.” ஆறு ஆட்டம் முடிந்து மூன்று வெற்றி, மூன்று தோல்வி.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் உண்ட மயக்கத்தில் உருண்டுகிடந்தார்கள். மிசாவோ கொல்லையில் காய்ந்த அவன் கச்சையை எடுத்தாள். பாவம், இத்தனை முக்கியமான ஆட்டத்துக்குச் சுத்தமாகப் போகட்டுமே என்றுதான். மூன்றாவது அலசலிலும் தண்ணீர் சோயா சாறு நிறத்தில் வந்தது. விடுவாளா சலவைக்காரர் மகள்? நான்காவதில் செர்ரிப்பூ வாசனைத் திரவம் வேறு ஊற்றினாள்.

மறுநாள் காலை கொல்லையில் ஒரே கூச்சல்.

“ஐயோ அண்ணே! உன் கச்சை மணக்குது!”

“கல்யாண வீடு மாதிரி மணக்குதுடா!”

வாத்தியார் வெறுங்காலோடு ஓடிவந்தார். முகர்ந்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார். “மிசாவோ! என்ன காரியம் பண்ணிட்ட! ஒருத்தன் பொழப்பையே சோப்புத்தண்ணில கரைச்சிட்டியே!”

இந்தச் சாத்திரத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை; அப்போதுதான் விஷயமே புரிந்தது. தெத்சுகுருமா கச்சையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மிசாவோ அரங்கத்தின் கடைசி வரிசையில் போய் ஒளிந்து உட்கார்ந்தாள். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். எதிராளி பத்தொன்பது வயதுக் கன்றுக்குட்டி. இருவரும் மோதினார்கள், கட்டிப்பிடித்தார்கள். பையன் தெத்சுகுருமாவின் கச்சையைப் பற்றிய கையோடு ஒரு கணம் திகைத்து மூக்கை உறிஞ்சினான். ‘ஆகா, வாசனை காப்பாத்திடுச்சு!’ என்று இவள் எழுந்தேவிட்டாள். அடுத்த கணம் பையன் நெட்டித் தள்ளினான். தெத்சுகுருமா மேடையிலிருந்து உருண்டு, கீழே உட்கார்ந்திருந்த நடுவர் ஒருவரின் மடியில் போய் விழுந்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் பத்து ஜோடிக் கண்ணும் மிசாவோவைத்தான் குத்தின. ‘வாழ வந்த வீட்டில் ஒரு மனுஷனின் சோற்றைத் தட்டிவிட்டேனே’ என்று நினைத்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள்.

“எல்லாம் இந்தச் சலவையால வந்த வினை” என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

“வாத்தியாரே, ஒரு சந்தேகம்” என்றான் தெத்சுகுருமா, வாயில் கோழித்துண்டோடு. “இன்னியோட நான் தோத்தது நானூத்தி அறுபத்திரெண்டு தடவை. மிச்சம் நானூத்தி அறுபத்தொண்ணுக்கும் யாரு துவைச்சாங்க?”

ஒருவன் மூக்கு வழியாகச் சிரித்தான். சோறு சிதறியது. அப்புறம் கூடமே குலுங்கியது. வாத்தியார் விறைப்பாக உட்கார்ந்துதான் பார்த்தார், வயிறு கேட்கவில்லை.

மிசாவோவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “நீங்க போகணுமேண்ணா” என்று அழுதேவிட்டாள்.

“போய்த்தானேம்மா ஆகணும். ஊர்ல எங்கம்மா இருக்கா. போன வருஷம் போனப்ப, ‘நீ உள்ள வா, அந்தக் கச்சையை மாட்டுக்கொட்டாய்ல போட்டுட்டு வா’ன்னுட்டா. மாடு ரெண்டு நாள் பால் கறக்கலை.” கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினான். “இந்தத் தடவை அதைத் தோள்ல போட்டுக்கிட்டே வீட்டுக்குள்ள போவேன். குழம்பு ஊத்துங்க.”