நக அளவு ஒரு துண்டு

மரம், கல், தோல் எதிலும் படம் பொறிக்கும் லேசர் இயந்திரம் பள்ளிக்கூடத்தில் வந்திறங்கிய அன்றே பிள்ளைகள் அதற்கு 'மகாராணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்னே என்ன? ஓவிய வகுப்பில் கூரை ஒழுகினால் வாளிதான் வைப்பார்கள். மகாராணிக்கோ தனி அறை, ஏசி, புகையை வெளியே தள்ள ஒரு குழாய். ஓவிய டீச்சர் வருஷக்கணக்கில் நாயாய் அலைந்து வாங்கிய இயந்திரம் அது. "இதுலயும் ஒண்ணும் நடக்கலைன்னா ஓவிய வகுப்பையே மூடிடுவேன்" என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த மனிதர் வாயில் நல்ல வார்த்தை அத்தனை சுலபத்தில் வராது.

பிள்ளைகள் என்னவோ பிய்த்து உதறினார்கள். ஒருத்தி மரக்கரண்டியில் 'அம்மா, உப்பு போதும்' என்று பொறித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒருவன் தன் மதிப்பெண் அட்டையை அப்படியே ஒரு கல்பலகையில் செதுக்கிக்கொண்டு, "இனிமே அப்பாவால கிழிக்க முடியாதுல்ல மிஸ்?" என்று கேட்டான். டீச்சர் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனாள்.

ஆனால் அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது ஒருத்திக்காகத்தான். பொடிசு. வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள் என்பதால் எல்லோருக்கும் அவள் பொடிசு. கையில் பென்சிலைக் கொடுத்தால் டீச்சரே வாயடைத்துப் போகிற மாதிரி வரைவாள். அம்மா இறந்த பிறகு அவள் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் கை இப்படியே நின்றுபோய்விடுமோ என்ற பயம் டீச்சரைச் சரியாகச் சாப்பிடவிடவில்லை.

அந்தப் பொடிசு ஒரு நாள் தானாகவே டீச்சரிடம் வந்தாள். கையில் அம்மாவின் பழுப்பு நிறக் கைப்பை, கூடவே ஒரு தாள். தாளில் பையின் வாரைப் பற்றியிருக்கும் ஒரு கை. கூட்டமான பஸ்ஸில் யாரும் பிடுங்கிவிடாதபடி இறுக்கிப் பிடிக்கிற கை. புடைத்த நரம்பு, தேய்ந்த நகம் எல்லாம் உயிரோடு இருந்தன.

"அம்மா கை மிஸ். பையோட மூடி மேல இதைப் பொறிக்கணும்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாசம் கழித்து முதல் படம்!

டீச்சரிடம் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. மகாராணிக்குள் எது போவதானாலும் அதில் நக அளவு ஒரு துண்டை நறுக்கி, சூடான செம்புக் கம்பியால் தொட்டு, கம்பியை நெருப்பில் காட்ட வேண்டும். சுடர் பச்சையானால் அது ரெக்ஸின் மாதிரியான பிளாஸ்டிக். லேசர் பட்டால் நச்சுப் புகை கிளம்பி ஆளையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும். தோலுக்கு அந்த ஆபத்து இல்லை. டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தாள். பொடிசு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஒரிஜினல் லெதர் மிஸ். கல்யாணமான புதுசுல அப்பா வாங்கிக் குடுத்தது. அம்மா பார்க்கறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லுவாங்க. வெட்டாதீங்க மிஸ்."

செத்துப்போனவளின் பையை நறுக்கி, பெற்ற மகள் கண்ணெதிரே கொளுத்துவதா? டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அந்த ஒரு தடவை மட்டும்தான்.

மகாராணி நான்கு விரல்கள் வரை ஒழுங்காகத்தான் வரைந்தது. அப்புறம் மூடி உருகிச் சுருண்டது. மூக்கைப் பிய்க்கும் நெடியோடு புகை கிளம்பியது. டீச்சர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இருமிக்கொண்டே பொடிசை வெளியே இழுத்து வந்தாள். மறுநாள் இயந்திரத்தின் உள்தண்டுகள் எல்லாம் துருவேறிக் கிடந்தன, கண்ணாடி பூத்துப் போயிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினான்.

தலைமையாசிரியர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பை ரெக்ஸின் என்று டீச்சர் சொன்னதும் பொடிசின் அப்பாவையும் வரவழைத்தார். அவர் மகளின் தோளைப் பிடித்தபடி நின்றார்.

"அது அசல் லெதர் சார். கடை கடையா ஏறி நானே பார்த்து வாங்கினது."

"ஒரு நிமிஷம் சார், இப்பவே காட்டிடறேன்." டீச்சர் கருகிய துண்டையும் செம்புக் கம்பியையும் மேஜைமேல் வைத்து லைட்டரைப் பற்றவைத்தாள்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கம்பியைப் பார்க்கவே இல்லை, மகளைத்தான் பார்த்தார். சுடர் என்ன நிறத்தில் எரியும் என்று தெரியாவிட்டாலும், தான் வாங்கியது என்ன என்பது அவருக்குத் தெரியும். கட்டின மனைவியை வாழ்நாள் முழுக்க நம்பவைத்த பொய் அது. பொடிசு அண்ணாந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இனி இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

டீச்சர் லைட்டரை அணைத்தாள்.

"அவர் சொல்றது சரிதான் சார். லெதர்தான். நான்தான் சூட்டை அதிகமா வெச்சுட்டேன். தப்பு என்னோடது."

தலைமையாசிரியருக்கு லேசரும் ஒன்றுதான், இஸ்திரிப்பெட்டியும் ஒன்றுதான். அப்படியே நம்பினார். மாசக் கடைசியோடு ஓவிய வகுப்பை மூடுவதாகவும், டீச்சர் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பொடிசு மட்டும் பேசினாள்.

"எங்கம்மா கையை எரிச்சிட்டீங்க மிஸ்."

போகட்டும் என்று டீச்சர் தன்னையே தேற்றிக்கொண்டாள். வேலை போனால் போகிறது. அப்பாமேல் இருக்கும் நம்பிக்கை குலையவில்லை, வரையும் கையும் திரும்பிவிட்டது. இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள்.

கடைசி நாள் சாயங்காலம், வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த பொடிசைக் கூப்பிட்டு ஒரு புது ஓவிய நோட்டை நீட்டினாள்.

"என்மேல கோபம்னா இருக்கட்டும். வரையறதை மட்டும் விட்டுடாதேம்மா."

பொடிசு அதைத் தொடவில்லை.

"வேணாம் மிஸ். நான் அன்னிக்கு வரையாம இருந்திருந்தா அம்மா பை இப்ப எங்கிட்ட முழுசா இருந்திருக்கும். நான் வரைஞ்சதாலதான் எரிஞ்சுபோச்சு. இனிமே வரையவே மாட்டேன்."

உன் படத்தால் இல்லையடி, அந்தப் பையால்தான் என்று டீச்சருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. உண்மை தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. வாசலில் அப்பா காத்துக்கொண்டு நின்றார். பொடிசு அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நடந்தாள்.

"பொடிசு!"

அவள் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லம்மா. பார்த்துப் போ."