கால்சட்டையின் இடது முழங்கால்

கல்லூரியில் அவனை எல்லாரும் ‘அமெரிக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அமெரிக்கப் பண்பாட்டுப் பாடம் நடத்துகிறவன் என்பதைத் தவிர அந்த தேசத்தோடு அவனுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கப்பல் ஏறியதில்லை. ஒரே ஒரு தடவை படகு ஏறினான்; அது வாந்தியில் முடிந்தது.

பண்டைய வரலாறு நடத்திய மேடத்துக்கு ‘பானை’ என்று பெயர். உருவத்தை வைத்து இல்லை. வகுப்புக்கு வரும்போதெல்லாம் உடைந்த பானை ஓடு ஏதாவது கையில் இருக்கும். அவனைவிட இரண்டு வயது மூத்தவள். இருவருக்கும் ஒரே வகுப்பறை, ஒரே மாணவர்கள், ஒரே அலமாரி. அலமாரியில் தேர்வு அலுவலகம் தூக்கிப் போட்ட காகித அட்டைப்பெட்டிகள் இரண்டு, இரட்டைப் பிள்ளைகள்போல். இரண்டின் மேலும் ‘தொட வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. எது யாருடையது என்று எழுத இருவருக்குமே தோன்றவில்லை. படித்தவர்கள்.

அடுத்த வருடம் இரண்டில் ஒரு பாடம்தான் இருக்கும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பாடம் போனால் ஆளும் போகவேண்டியதுதான். எது இருக்கவேண்டும் என்பதை, ஆளுக்கு அரை மணி நேரம் வகுப்பைப் பார்த்துவிட்டு முதல்வர் முடிவு செய்வார். முதல்வர் வேலைக்கு வந்தே ஒரு வாரம்தான், முகங்கள் பழகவில்லை. வேதியியல்காரர் வேறு. நிறம் மாறாத எதையும் அவர் நம்புவதில்லை.

அன்று காலை இருவரும் அவசரத்தில் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் அரை மணி மேடத்துக்கு. அவன் கடைசி பெஞ்சில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்தான். முதல்வர் தாமதமாக வந்து அவன் பக்கத்தில் இடம் பிடித்தார்.

மேடம் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கை விட்டு எடுத்தது ஒரு பழைய ஜீன்ஸ் கால்சட்டை.

அது அவனுடையது. மடியிலிருந்த பெட்டியை மெல்லத் திறந்து பார்த்தான். பானை ஓடுகள்.

அவள் ஒரு கணம் கால்சட்டையைப் பார்த்தாள். பிறகு, மாதக்கணக்கில் திட்டம் போட்டவள்போல மேசையில் விரித்து வைத்தாள்.

“இது மண்ணுக்குள்ளேருந்து வந்துச்சுன்னு வெச்சுக்குங்க. ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. இதுக்குப் பேர் கிடையாது. பேரைச் சொல்றவங்க வெளியே போகலாம். பேர் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிடும், அப்புறம் யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க. கிட்ட வாங்க.”

பிள்ளைகள் மேசையைச் சுற்றி மொய்த்தார்கள்.

“முட்டி வெளுத்திருக்கு மேடம்.”

“எந்த முட்டி?”

“ரெண்டும்தான். இல்ல, இடதுதான் ரொம்ப.”

“அப்போ?”

“ஒத்தக் காலை மடிச்சு முட்டி போட்டு வேலை செஞ்ச ஆள்.”

“இல்ல, காதலைச் சொன்ன ஆள்” என்றான் ஒருவன்.

“இவ்வளவு தேயற அளவுக்கா?” என்றாள் ஒருத்தி. “அத்தனை தடவை சொல்லியும் யாரும் ஒத்துக்கலைன்னா அவன் உன் சொந்தக்காரன்தான்.”

மேடம் சிரிக்கவில்லை. “யூகம் இலவசம். சான்று எங்கே?”

இடுப்பில் வேறு நிற நூலால் பிடித்துத் தைத்திருந்ததை ஒருத்தி கண்டுபிடித்தாள். காலின் கீழ் மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்த தடம் இன்னொருவன் கண்ணில் பட்டது. இடுப்பு சிறுத்தது, கால் நீண்டது. ஆக, ஒருத்தர் போட்டுக் கழித்ததை இன்னொருத்தர் போட்டிருக்கிறார். ஒல்லியான, வளர்ந்த ஆள்.

“அப்பா போட்டது, அப்புறம் மகன்.”

“மகன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது மேடம். ஆனா ஊசி பிடிச்ச கை ஒண்ணு இருக்கு. தையல் கோணலா போகுது. கடையில தெச்சதில்ல, வீட்டுல தெச்சது.”

“இது சான்று” என்றாள் மேடம். அவள் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

அவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கால்சட்டை மாமாவின் சிநேகிதர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. புதிதாக அனுப்பாமல் போனாரே என்று அவனுக்கு வருத்தம். அதனால் வகுப்பில் தூரத்திலிருந்தே காட்டிவிட்டுச் சட்டென்று மடித்து வைத்துவிடுவான். மூன்று வருடமாக அதற்குள் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. பார்க்கத் தெரிந்தவளுக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது. வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் அவனுக்குப் பொறாமை வரவில்லை. வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தான்.

முதல்வர் அவன் பக்கம் சாய்ந்தார். மடியிலிருந்த ஓடுகளை ஒரு பார்வை பார்த்தார்.

“அமெரிக்கா பாடம் இவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நினைக்கல. அதுவே இருக்கட்டும். உங்க சரித்திரத்தை நிறுத்தவேண்டி வரும். தப்பா எடுத்துக்காதீங்க.”

அவன் தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அமெரிக்கா இருக்கும், அமெரிக்கா நடத்துகிற ஆளும் இருப்பான். முதல்வர் கையெழுத்துப் போட்டபின் நிர்வாகத்தில் எதையும் மாற்றுவது பிரம்மப் பிரயத்தனம்.

“அவங்கதான் சார் சரித்திரம்” என்றான். “அமெரிக்கா நான்.”

“அப்போ அந்தக் கால்சட்டை?”

“என்னுது சார். பெட்டி மாறிப்போச்சு.”

“இத்தனை நாளா நீங்க அதை வெச்சு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“சுதந்திரத்தின் அடையாளம்னு சொல்லிட்டு இருந்தேன் சார்.”

“சரி. அப்போ சரித்திரம் இருக்கட்டும்” என்றார் முதல்வர். எழுந்தவர், ஏதோ நினைவு வந்ததுபோல், “உங்க அரை மணி பாக்கி இருக்கு. பிள்ளைங்க உக்காந்திருக்காங்க, நடத்துங்க” என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார்.

அவன் பெட்டியோடு முன்னால் போனான். மேடம் கால்சட்டையைப் பதமாக மடித்து அவனிடம் நீட்டினாள்.

“உங்க பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன் சார். மன்னிச்சிருங்க.”

“பரவாயில்ல மேடம். அதுல என்ன இருந்துச்சுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

அவள் வெளியே போகவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போய், “தள்ளி உக்காருப்பா” என்று ஒருவனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

அவன் ஒரு பானை ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். விளிம்போரம் விரல் நகத்தால் அழுத்தியதுபோல் ஒரு வரிசை. “இது என்னன்னு எனக்குத் தெரியாது” என்று ஆரம்பித்தான். மூன்று வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. “தண்ணி ஊத்தி வைக்க இந்த வேலைப்பாடு தேவையில்ல. யாரோ யாருக்கோ விக்கப் பாத்திருக்காங்க, அமெரிக்கா மாதிரியே. பக்கத்துக் கடைப் பானைய விட்டுட்டு இதைத்தான் வாங்கணும்னு ஒருத்தருக்கு ஏன் தோணியிருக்கும்?”

வெளியே போயிருந்த முதல்வர் கதவருகில் திரும்பி வந்து நின்றார்.

பிள்ளைகள் முன்னால் சாய்ந்து ஓட்டைப் பார்த்தார்கள். முதலில் கை தூக்கியது மேடம்.