ஐந்தாவது நோட்டீஸ்

நார்பர்ட்டின் அறுபது ஏக்கரும் தண்ணீருக்கடியில் கிடந்தது. மே மாதம் பிறந்துவிட்டது, மக்காச்சோள விதை கொட்டகையில் மூட்டையாகவே இருக்கிறது. ஜூன் முதல் வாரத்தைத் தாண்டினால் இந்த வருஷ வெள்ளாமை அம்பேல். நாலாம் நம்பர் வடிகாலைத் தூர் வாரினால் இரண்டே நாளில் நிலம் வடிந்துவிடும். வாரினால்தானே!

வடிகால் வாரியத்தில் மூன்று பேர், மூவரும் விவசாயிகள். தானியக் கிடங்கில் காபி குடித்துக்கொண்டே, கையிலிருந்த டோனட் தீருமுன் "வாரிடலாம்" என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? இல்லினாய்ஸில் அந்தப் பூசாரி கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கவுண்டி என்கிற மாவட்டக் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் உத்தரவில்லாமல் பொக்லைன் ஒரு பிடி சேறு அள்ளக் கூடாது. முதலில் மனு, பிறகு ஐந்து இடத்தில் மூன்று வாரம் நோட்டீஸ், அப்புறம்தான் விசாரணை. தண்ணீருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது பாருங்கள், அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

மே கடைசி வாரம், விசாரணை நாளன்று நார்பர்ட் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"யாருக்காவது ஆட்சேபணை?" என்றார் நீதிபதி.

பக்கத்து நிலத்துக்காரி லியோட்டா எழுந்தாள். எழுபது வயசு, கையில் ஒரு பழைய காகிதம்.

"ஆட்சேபணை இல்லீங்க ஐயா, ஒரு சந்தேகம்தான். அஞ்சாவது நோட்டீஸ் பாலத்துக் கம்பத்துல ஒட்டுனாங்களே, அது மூணு வாரம் இருந்துச்சா?"

"கம்பத்தையே வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சே!" நார்பர்ட் துள்ளி எழுந்தான். "வெள்ளத்த வடிக்கத்தானய்யா நோட்டீஸே!"

லியோட்டா காகிதத்தை நீட்டினாள். மூன்று வருஷம் முன்பு வந்த உத்தரவு. அப்போது முழுகியது அவள் நிலம் மட்டும். தூர் வார எல்லா நிலத்துக்காரரும் போட வேண்டிய செலவில் தன் பங்கைக் கொடுக்க மனசில்லாமல், "ஒரு நோட்டீஸ் காத்துல பிஞ்சு போச்சு, செல்லாது" என்று ஆட்சேபித்து ஜெயித்த மகராசன் வேறு யாருமில்லை, நார்பர்ட்தான். ஜெயித்த அன்று கிடங்கில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தான், பாவி.

நீதிபதி படித்துப் பார்த்தார். "காற்றுக்கு ஒரு சட்டம், தண்ணீருக்கு ஒரு சட்டமா? மறுபடி ஐந்து நோட்டீஸ். மூன்று வாரம்."

மூன்று வாரமென்றால் ஜூன் பாதி. கோர்ட் வாசலில் நார்பர்ட் லியோட்டாவை மடக்கினான்.

"ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? உன் நிலமும்தானே முழுகிக் கிடக்கு!"

"கிடக்கட்டும்ப்பா" என்று தன் வண்டிக் கதவைத் திறந்தாள் லியோட்டா. "போன தடவ தனியாக் கிடந்துச்சு. இந்தத் தடவ துணைக்கு உன்னோடது இருக்குல்ல."