இந்தப் பதிப்பில் இனி இயங்காது

1.

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன், இரண்டே வாக்கியங்களில்.

"குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு இந்தச் சேவை உங்கள் மென்பொருளின் பழைய பதிப்பில் இயங்காது. தொடர்ந்து பார்க்க, புதிய பதிப்புக்கு மாறவும்."

வீட்டுக் கணினியில் படம், பாட்டு, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே திரையில் திறந்து காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. அதைச் செய்யும் கம்பெனியில் அறிவிப்பு எழுதுவது என் வேலை. ஆபீசில் என்னைக் 'கவிஞரே' என்பார்கள். ஒரு கவிதைகூட எழுதியதில்லை. அறிவிப்பில் 'மன்னிக்கவும்' வரக் கூடாது என்பது எங்கள் விதி. மன்னிப்புக் கேட்டால் தப்பு நம்முடையது என்று ஆகிவிடுமாம்.

அந்த இரண்டு வாக்கியங்கள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போயின. அதில் ஒரு வீடு என் அண்ணியுடையது. எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[அண்ணன் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆன பின்னும் டிவிக்குக் கீழே அவனுடைய பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.]

அடித்துவிட்டேன். கணினி மூச்சு விடாது, உள்ளே விசிறி ஓடும், அவ்வளவுதான். அடுத்து:

[அண்ணி பொறுமையே உருவானவர். அவர்]

சுத்தப் பொய். அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர். "தெரியுதா, தெரியலையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று வாடிக்கையாளர்களை விரட்டுவார். இப்படிப்பட்டவர் செய்கிற காரியமா நான் சொல்லப்போவது என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனும் அண்ணியும் சேர்ந்து ஒரு தொடர் பார்த்தார்கள். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர்களைப் பற்றியது, ஒன்பது பகுதி. எட்டாவதில் இருபத்திரண்டாவது நிமிடத்தில் அண்ணனுக்குக் கண் சொருகியது. "மீதிய நாளைக்குப் பாக்கலாம். என்னை விட்டுட்டுப் பாத்துடாத" என்று நிறுத்தினான். மறுநாள் காலை குளிக்கப் போன இடத்தில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அதோடு சரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறு மதியமும் அண்ணி அந்தப் பெட்டியைப் போடுவார். 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் முதலாவதாக அந்தப் படகு நிற்கும். கீழே ஒரு சிவப்புக் கோடு, பாதிக்குக் கொஞ்சம் முன்னால் வரை. அதைப் பார்ப்பார். அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவார்.*

* "இதை எவன் நம்புவான்?" என்றார் முதல் பிரதியைப் படித்த நண்பர். ஒரு ஞாயிறு நானே அங்கே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும்.

3.

அறிவிப்பு வந்த அன்றே அண்ணி போன் செய்தார்.

"தம்பி, டிவில என்னமோ எழுதி வருது. உங்க ஆபீஸ் சமாச்சாரம்தான? படகு போயிடுமா?"

"இன்னும் ஆறு வாரம் இருக்கு அண்ணி. நான் வேற வழி பண்றேன்."

"அது யாரு எழுதினது? செத்தவன் வீட்டுக்கு ரசீது குடுத்த மாதிரி இருக்கு."

"யாரோ ஒருத்தர்."

"சரி. நீ பாத்துப்பேன்னு விட்டுடறேன்."

விட்டுவிட்டார். ஆறு வாரத்தில் ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. அவர் கோபக்காரர், ஆனால் யாரையும் அரைகுறையாக நம்பத் தெரியாதவர்.

4.

புதிய பதிப்பு அந்தப் பழைய பெட்டியில் ஏறாது. வேறு கணினியில் அண்ணனின் கணக்கைத் திறக்கலாம் என்று உட்கார்ந்தேன். கடவுச்சொல்லோடு ஒரு ரகசிய எண்ணும் கேட்டது. அந்த எண் அண்ணனுடைய போனுக்குத்தான் போகும்.

[துரதிர்ஷ்டவசமாக, அந்தப் போன் நம்பர் ரத்து செய்யப்பட்டிருந்தது.]

அடிக்கிறேன். இது ஆபீஸ் தமிழ். ரத்து செய்தது நான்.

காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணன் பெயரில் இருந்த ஒவ்வொன்றையும் மூடக் கிளம்பினேன். பட்டியல் போட்டு, ஒவ்வொரு கவுண்டராக நின்று, டிக் அடித்துக்கொண்டே வந்தேன். போன் நம்பர் ஏழாவது. தொடர் பார்க்கும் கணக்குக்குப் பணம் அண்ணியின் கார்டிலிருந்து போனதால் அது மட்டும் பட்டியலில் வரவில்லை. அண்ணியைக் கேட்கவில்லை, அழுதுகொண்டிருப்பவரைத் தொந்தரவு செய்வானேன் என்று. "எப்படி ஓடியாடிச் செய்யறான் பாரு" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெண் எடுத்தார். "ஒரு நம்பர் மெசேஜ்ல வரும், அதை மட்டும் படிச்சுச் சொல்றீங்களா?" என்றேன். "திருட்டுப் பயலே, வேற ஆளைப் பாரு" என்று வைத்துவிட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்தத் தொடரைக் காட்டும் சேவைக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். கணக்குக்கு உரியவரே நேரில் தொடர்புகொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. மேனேஜரிடம் போனேன். "தேதி நான் வெச்சதில்ல கவிஞரே, அவங்க வெச்சது. பழைய பெட்டி வெச்சிருக்கிறவங்க நூத்துல ஒருத்தர்கூட இல்ல" என்றார். நல்ல மனிதர். நான் ஏன் கேட்கிறேன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

5.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், கெடு முடிவதற்கு முந்தைய ஞாயிறு அண்ணி வீட்டுக்குப் போகிறேன், உண்மையைச் சொல்கிறேன். இருவரும் மீதியைப் பார்த்து முடிக்கிறோம். [அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு] வேண்டாம். நான் போகவே இல்லை. "வேலை ஜாஸ்தி அண்ணி" என்று மெசேஜ் மட்டும் அனுப்பினேன்.

இரண்டாவதில், அண்ணி தானாகவே பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டுப் புது வாழ்க்கை தொடங்குகிறார். பத்திரிகைக்கு அனுப்பினால் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த அண்ணியை எனக்கு யாரென்றே தெரியாது.

6.

நடந்தது இது. கெடு செவ்வாயோடு முடிந்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அண்ணி பெட்டியைப் போட்டார். படகு இல்லை. வரிசையே இல்லை. அங்கே என்னுடைய இரண்டு வாக்கியங்கள் இருந்தன. போன் செய்தார்.

"தம்பி, போயிடுச்சு."

"வேற கணக்குல அந்தத் தொடரைப் பாத்துக்கலாம் அண்ணி. நான் வந்து போட்டுத் தரேன். மீதி முழுக்க இருக்கும்."

"மீதி யாருக்கு வேணும்? அந்தப் படகு முழுகிடும். கடையில எப்பவோ சொல்லிட்டாங்க. முடிவெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். "உங்க அண்ணன் கையால நிறுத்தின இடம் அது. அது ஒண்ணுதான் அப்படியே இருந்துச்சு."

அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அழக்கூட இல்லை. பயந்தேன்.

"உன்னைச் சொல்லி என்ன, நீ எவ்வளவு அலைஞ்சிருப்ப" என்றார் அண்ணி. அடி வாங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பிறகு, பவர் பார்க்கும்போது கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"அவரு நம்பர் இருந்திருந்தா திறந்திருக்கலாம் இல்ல?"

"ஆமா அண்ணி."

"அதை யாரு தம்பி நிறுத்தினது?"

இந்தக் கேள்விக்கு முன்னால்தான் இத்தனை பக்கமும் வளைத்து வளைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பதில் உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டியவரை விட்டுவிட்டு, முகம் தெரியாத உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் என்ன சொல்வார் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். திட்டுவாரா, சட்டென்று வைத்துவிடுவாரா, உங்கள் வீட்டு அண்ணி எப்படியோ அப்படி. நான் எழுதிக் காட்டப் போவதில்லை. தயவுசெய்து பக்கத்தை மூடுங்கள், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச வராது.

அண்ணி இன்னும் லைனில் இருக்கிறார்.