பரம்பரைப் பச்சைக் கண்

நீச்சல் மாஸ்டருக்குக் கண் பச்சை. "எங்க பரம்பரையில ஏழு தலைமுறைக்கு ஒருத்தருக்குத்தான் வரும்" என்பார். முந்தைய ஆறு தலைமுறையை யாரும் பார்த்ததில்லை என்பது அவருக்கு ஒரு வசதி. கிளப்பின் விளம்பரப் பலகையில் குளம் சின்னதாகவும் அவர் கண் பெரிதாகவும் இருந்தது. நீந்தத் தெரிந்தவர்கள்கூட அவரிடம் நீச்சல் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்கள்.

அந்தப் பரம்பரை, மச்சினியின் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கியது. பவரும் நிறமும் சேர்ந்த கான்டாக்ட் லென்ஸ். விற்கும்போதே அவள் எச்சரித்தாள்.

"மாமா, தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி கழட்டிடணும். குளமோ குழாயோ ஷவரோ, சொட்டுத் தண்ணி இதுல படக்கூடாது."

"கழட்டிட்டு இறங்கினா என்னை யாரு திரும்பிப் பார்ப்பா?"

அதனால் மாஸ்டர் முகமே நனையாத ஒரு நீச்சலைக் கண்டுபிடித்து, அதற்கு 'ராஜ நீச்சல்' என்று பேரும் வைத்தார். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வாத்துக் கூட்டம்போல் மாணவர்கள் அவர் பின்னால் போனார்கள்.

வினை மைக் வழியாக வந்தது. கிளப் ஆண்டு விழாவில் செயலாளர், "அடுத்து நம்ம மாஸ்டர் மேல்பலகையிலேர்ந்து பாய்வார்!" என்று அறிவித்துவிட்டார். மாஸ்டரிடம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மாஸ்டர் பாய்ந்தார். மேலே வந்தபோது வலது கண் கறுப்பு. பச்சை கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, குளத்துத் தண்ணீரிலேயே அதை அலசி மாட்டிக்கொண்டார். கைதட்டல் ஓய்வதற்குள் பரம்பரை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் கண் சிவந்தது. அதற்கடுத்த நாள் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போனார். அப்போதும் லென்ஸைக் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் மானம் போயிருக்கும். காத்திருப்போர் வரிசையில் அவருடைய மாணவர்கள் இரண்டு பேர், வங்கி மேலாளர் அம்மாளும் தபால்காரரும், கண்ணாடி மாற்ற வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"லென்ஸ் போடுறதுண்டா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சேச்சே! பிறவிக் கண்ணு டாக்டர். ஏழு தலைமுறைக்கு..."

டாக்டரம்மா கருவியில் கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க பரம்பரை மூக்குப் பக்கமா நகர்ந்திருக்கே?"

நர்ஸ் அவசரமாகச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்க ஆரம்பித்தாள்.

லென்ஸ் வெளியே வந்தது. டாக்டரம்மாவின் சிரிப்பும் நின்றது. "கருவிழியில புண் ஆரம்பிச்சிருக்கு. தண்ணியில இருக்கிற கிருமி லென்ஸுக்கு அடியில போய்க் குடித்தனம் பண்ணும். மருந்து இப்பவே போடுறேன். ஆனா எந்தக் கிருமின்னு தெரியணும். லென்ஸ் வைக்கிற டப்பாவைக் கழுவாம அப்படியே கொண்டுவரச் சொல்லுங்க. தாமதம் பண்ணினா பார்வை போயிடும்."

சொட்டு மருந்தில் மாஸ்டருக்கு எல்லாம் மங்கல். நர்ஸ் அவரைக் காத்திருப்போர் நடுவில் உட்காரவைத்து, வீட்டுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் லென்ஸ் டப்பா வேணும்."

"லென்ஸா? எங்க வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே பச்சைக் கண்ணும்மா!"

யார் கேட்டாலும், எமனே வந்து கேட்டாலும், இப்படித்தான் சொல்லவேண்டும் என்று அவளுக்குப் பாடம் நடத்தியவர் மாஸ்டர்தான். அவர் போனில் குனிந்து கிசுகிசுத்தார். "நான்தான் பேசுறேன். குடுத்துவிடு."

"நான்தான்னா யாரு?"

"உன் புருஷன்!"

"'என் குரல்ல எவனாவது பேசினாலும் நம்பாதே'ன்னு அவர் சொல்லியிருக்காரு. ஏமாத்துறதுக்கு வேற வீடு பாருங்க."

வங்கி அம்மாள் பத்திரிகையைத் தாழ்த்தினார். தபால்காரர் செருப்பைப் பார்த்தார். மாஸ்டரின் வலது கண் விண்ணென்று தெறித்தது. அவர் எழுந்து நின்றார். குளத்தின் மறுகரைவரை கேட்கிற அந்தப் பயிற்சிக் குரல் தானாகக் கிளம்பியது.

"லென்ஸ்தான்! உன் தங்கச்சி கடையில வாங்கின லென்ஸ்! என் கண்ணு கறுப்பு! எங்கப்பாவுக்கும் கறுப்பு, எங்க தாத்தாவுக்கும் கறுப்பு! குளியலறை அலமாரியில ஷேவிங் க்ரீமுக்குப் பின்னாடி வெள்ளை டப்பா இருக்கு. கழுவாம எடுத்துட்டு ஓடி வா, என் கண்ணு போயிடும்!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா இந்நேரம் ஆட்டோவுல ஏறியிருப்பேன்ல?"

மாஸ்டர் தடவித் தடவி உட்கார்ந்தார்.

தபால்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நர்ஸம்மா, கண்ணாடி அப்புறம் பார்த்துக்கலாம். நானும் லென்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் தினம் குளத்துல இறங்குறேன். மாஸ்டருக்கு அடுத்து எனக்கு ஒரு சீட்டுப் போடுங்க."

"எனக்கும்" என்றார் வங்கி அம்மாள், பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு.