தலை பார்க்கும் சடங்கு

ஜெர்மனியின் வுப்பர்டால் தமிழ் மன்றத்து ஆண்டு விழாவுக்கு ஒரு ஜப்பான் நாடகம்தான் போடுவதென்று துஷானி ஒற்றைக்காலில் நின்றாள். பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிற பிள்ளை. சாமுராய்ப் பிரபு மசகட்டவின் கதையை அவளே எழுதியிருந்தாள். சின்ன வயதில் எதிரி வீட்டில் பணயமாக வளர்ந்து, மீசை முளைக்க முன்னரே கோட்டையைப் பிடித்து, கடைசியில் சொந்தச் சித்தப்பன் மக்களோடு போர் செய்தவன். ஒரே குலம், இரண்டு கொடி. பிரபு வேடத்துக்குத் தன் தகப்பன் அரியரத்தினத்தையே பிடித்தாள். அறுபது தாண்டியும் நிமிர்ந்த நடை. அவர் வாயைத் திறந்தால் மண்டபம் அடங்கும்.

போரில் வெட்டிய தலைகளைப் பெண்கள் கழுவி, தலைவாரி, பிரபுவின் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். இது இன்னாருடைய தலை என்று அவன் பார்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணாக நடிக்கச் சியாமளா சம்மதித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். செத்தவர்களைக் கழுவிப் பழக்கம்.

ஒத்திகையில் அரியரத்தினம் திடீரென்று அதட்டினார்.

"முகத்தைக் கழுவிப்போட்டுக் கொண்டு வாங்கோ. ரத்தத்தோடை ஆளை மட்டுக்கட்ட ஏலாது."

"அப்பா, இந்த வசனம் நான் எழுதேல்லையே?"

"இருக்கட்டும் பிள்ளை. இப்பிடித்தான் சொல்லுவினம்."

ஒலிபெருக்கி பூட்ட வந்திருந்த ஒருவர் அவரைப் பழைய இயக்கப் பெயரால் அழைத்து, "ரட்ணா மாஸ்டருக்கு இதுக்கு ஒத்திகை தேவையில்லையே" என்று சிரித்தார். அரியரத்தினம் சிரிக்கவில்லை. அந்தப் பெயரைச் சியாமளா ஊரில் கேட்டிருந்தாள், ஆளைக் கண்டதில்லை.

ஈழத்தில் தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்ட வருசம், அவளுடைய அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜா மற்ற இயக்கத்தில் இருந்தான். ஆயுதத்தை ஒப்படைத்தால் வீட்டுக்கு விடுவோமென்று, வென்ற இயக்கத்தின் முகாம் பொறுப்பாளர் ரட்ணா மாஸ்டர் ஊரெல்லாம் அறிவித்தார். அம்மாவே அண்ணனைக் கூட்டிக்கொண்டுபோய் முகாம் வாசலில் விட்டாள். பிறகு அதே வாசலில் நாட்கணக்காக நின்றாள். மாஸ்டர் வெளியே வந்து முகம் காட்டவேயில்லை.

விலகிவிடலாமென்று சியாமளா துஷானிக்குத் தொலைபேசி எடுத்தாள். "அன்ரி, நீங்கள் இல்லாட்டி அந்தக் காட்சியே இல்லை" என்று பிள்ளை குழைந்தாள். அவளில் என்ன பிழை? சியாமளா விலகவில்லை.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. துணி சுற்றிய தலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு சியாமளா மேடைக்குப் போனாள்.

"ஆருடைய தலை?" என்றார் பிரபு.

நாடகப்படி, பெயர் தெரியாது என்றுதான் அவள் சொல்லவேண்டும்.

"ஸ்ரீஸ்கந்தராஜா. தாயோடை வந்து சரணடைஞ்சவன். நீங்கள் சொல்லுக் குடுத்தனீங்கள், பிரபு."

அவர் தலையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். பிரபுவுக்கு வசனம் மறந்துவிட்டதோ என்று மேளக்காரன் எட்டிப் பார்த்தான். பிறகு அதே குரல், கொஞ்சமும் நடுங்காமல் வந்தது.

"அறியேன். அடுத்ததைக் கொண்டு வா."

சனம் கைதட்டியது.

உடுப்பு மாற்றும் அறையில் அவர் மட்டைக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கை கிடங்கு வெட்டித் தாட்டனீங்கள்?"

"ஆரை?"

"என்ரை அண்ணையை."

மறுப்பார், கோபிப்பார், இல்லை அழுவார். மூன்றுக்கும் அவள் மறுமொழி வைத்திருந்தாள். அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார்.

"முகம் ஞாபகம் வருகுதில்லை, தங்கச்சி. அப்ப கனபேர் வந்தவை."

அவர் ஒளிக்கவில்லை என்று அவளுக்கு விளங்கியது. சாகும்வரை அம்மா காத்திருந்த பிள்ளை, கொண்டுபோனவனின் நினைவில்கூட இல்லை.

வாசலில் துஷானி நின்றதை இருவரும் காணவில்லை.

"வந்தவைக்கு என்ன நடந்தது, அப்பா?"

"அது போர், பிள்ளை."

"நீங்கள் சொல்லுக் குடுத்தனீங்களோ?"

"ஓம்."

துஷானி சியாமளாவின் பக்கம் திரும்பினாள். "வாங்கோ அன்ரி, நான் கொண்டுபோய் விடுறன்" என்று சியாமளாவின் பையைத் தூக்கினாள். வெளியே மழை தூறியது. பஸ் தரிப்பில் அரியரத்தினம் நின்றார். முகத்து வெள்ளைப் பூச்சு கரைந்து கழுத்தில் வழிந்தது. கார் அவரைத் தாண்டிப் போனது.

ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது துஷானி கேட்டாள்.

"அவருக்கு அப்ப எத்தினை வயசு?"

"உன்ரை வயசுதான்."

துஷானி காரை ஓரங்கட்டினாள். ஸ்டியரிங்கில் முகம் புதைத்து, சத்தம் வராமல் அழுதாள். எத்தனையோ பேரைத் தட்டித் தேற்றிய கை சியாமளாவுடையது. அது மடியிலேயே கிடந்தது. எழும்பவில்லை.